மரியாதைக்குச் சொன்ன ஓம்

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் "விளங்கிச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். கூரை கிளம்புகிற மாதிரி "ஓம் டீச்சர்!" என்று ஒரே குரலில் வரும். பாடம் விளங்கினாலும் வரும், விளங்காவிட்டாலும் வரும். கடைசி வாங்கில் தூங்கி வழிகிற பிள்ளைகூடத் திடுக்கிட்டு எழும்பி ஓம் சொல்லிவிட்டுத்தான் மறுபடி தூங்கும். விளங்கவில்லை என்று சொன்னால், டீச்சருக்குப் படிப்பிக்கத் தெரியாது என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அப்படிச் சொல்லும்படி எங்கள் வீடுகளில் யாரும் பிள்ளை வளர்ப்பதில்லை. என்னையும் அப்படி வளர்க்கவில்லை. அதனால் இத்தனை வருடம் ஆங்கிலம் படிப்பித்தும் அந்த ஓமை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்காகத் தேற்றாத்தீவில் இருந்து சனி ஞாயிறுகளில் மட்டக்களப்புக்குப் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். மகளைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். பாடங்களையெல்லாம் எப்படியோ கடந்து, கடைசியாக மிஞ்சியது செயல்நிலை ஆய்வு. நம் வகுப்பறையிலேயே ஒரு பிரச்சினையைப் பிடித்து, ஏதாவது செய்து பார்த்து, என்ன நடந்தது என்று எழுத வேண்டும். அதில் தவறினால் இன்னும் ஒரு வருடம். "இன்னொரு வருஷமெண்டா நான் புள்ளையப் பாக்கமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்" என்று தங்கச்சி அறிவித்துவிட்டாள். மகளோ ஞாயிற்றுக்கிழமை என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆய்வு என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நாம் ஏற்கனவே சரியென்று நினைத்திருப்பதைத் தடிப்பான புத்தகமாக எழுதி, கெட்டி அட்டை கட்டி, தங்க எழுத்தில் தலைப்பு அடித்துக் கொடுப்பது. எனக்கு நன்றாகப் பாட வரும். ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலப் பாடங்களைப் பாட்டாகக் கட்டிச் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகள் மேசையில் தாளம் போட்டுப் பாடினார்கள். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு வினாக்கொத்து கொடுத்தேன். பாட்டு முறை பிடித்திருக்கிறதா, அதனால் பாடம் விளங்கியதா என்று கேட்டிருந்தேன். எல்லாரும் ஓம் போட்டிருந்தார்கள். ஒரு பிள்ளை ஓமுக்குப் பக்கத்தில் பூவும் வரைந்திருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கலர்கலராக வரைபடம் கீறிக்கொண்டு போனேன்.

என் மேற்பார்வையாளர் ஏறாவூர்க்காரர். என்னைவிட இளையவர், எப்போதும் சிரித்த முகம். தாள்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "டீச்சர், ஒரு புள்ளையாவது இல்லையெண்டு போட்டிரிக்கா?"

"இல்ல சேர், எல்லாரும் ஓம்தான்!"

"அப்ப இது தரவு இல்ல டீச்சர். மரியாதை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. திரும்பும் பஸ் கல்லடிப் பாலம் தாண்டும்வரை மனதுக்குள் அவரைப் பிடித்துப் பிய்த்து எறிந்தேன். ஆரையம்பதி தாண்டியதும்தான் யோசனை வந்தது. போன மாதம் கருத்தரங்கில் அதிகாரி ஒருவர் ஏதோ புதிய பாடத்திட்டத்தை விளக்கிவிட்டு "விளங்கிச்சா?" என்று கேட்டபோது, மண்டபம் முழுக்க ஆசிரியர்கள் ஓம் என்றோமே. நானும்தான் சொன்னேன். ஒரு மண்ணும் விளங்கவில்லை. அடக் கடவுளே, என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா ஒருவர் "என்ன புள்ள, இறங்கிற இடத்த விட்டுட்டியா?" என்று கேட்டார்.

ஆனால் மரியாதை கெடாமல் ஒரு பிள்ளை எப்படி இல்லை என்று சொல்லும்? பெயர் எழுதாத துண்டு கொடுத்துப் பார்த்தேன். தங்கள் கையெழுத்தை டீச்சர் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்து அதிலும் ஓம் எழுதினார்கள். கண்ணை மூடிக் கை உயர்த்தச் சொன்னேன். பாதிப்பேர் விரலிடுக்கால் பார்த்தார்கள். கடைசியில் வெறும் தயிர்ச்சட்டி இரண்டை எடுத்து, வாயைத் துணியால் மூடிக் கட்டி, நடுவில் கை நுழையும் அளவுக்குக் கிழித்தேன். ஒவ்வொருவர் கையிலும் ஒரு புளியங்கொட்டை, ஒரு மட்டி ஓடு. விளங்கியிருந்தால் கொட்டையை முதல் சட்டியில் போட வேண்டும், விளங்காவிட்டால் மட்டி ஓட்டைப் போட வேண்டும். மிஞ்சியது மற்றச் சட்டிக்குள். முதல் நாளே பிழையாகிப் போனது. மட்டி ஓடு விழுந்தபோது முதல் சட்டியில் "டிங்" என்று சத்தம் கேட்டது, முழு வகுப்பும் திரும்பி அந்தப் பிள்ளையைப் பார்த்தது. அதற்குப் பிறகு யாரும் அதில் ஓடு போடவில்லை. அடுத்த நாள் சட்டிகளுக்குள் அடியில் கடற்கரை மணலைப் பரப்பிக்கொண்டு போனேன்.

அன்று சத்தமே இல்லை. ஒவ்வொருவராக வந்து கையை விட்டுவிட்டுப் போனார்கள். இடைவேளையில் ஆசிரியர் அறையில் முதல் சட்டியை ஒரு தாளில் கவிழ்த்தேன். மணலோடு மட்டி ஓடுகள் கொட்டின, கொட்டிக்கொண்டே இருந்தன. கொட்டைகளைத் தேட வேண்டியிருந்தது. அதுவும் என் பாட்டுகளிலேயே ஆகச் சிறந்த பாட்டுப் படித்த நாள்.

முதலில் அழுகைதான் வந்தது. என் ஆய்வு போச்சு, டிப்ளோமா போச்சு, இன்னொரு வருடம் என்று நினைத்தேன். ஆனால் அந்த ஓடுகளைப் பார்க்கப் பார்க்க வேறொன்றும் வந்தது. இந்தப் பிள்ளைகள் என்னிடம் இதுவரை சொல்லாததைச் சொல்லியிருக்கிறார்கள். அது அதிபருக்குத் தெரியாது, பெற்றோருக்குத் தெரியாது, எந்தப் புத்தகத்திலும் இல்லை. இந்த உலகத்தில் அதைத் தெரிந்த ஒரே ஆளாக நான் நிற்கிறேன். கோவில் கதவு திறக்கும்போது தோன்றுமே, அப்படித் தோன்றியது.

பிறகு ஒவ்வொரு பாடத்துக்கும் சட்டி வைத்தேன். ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாடவும் முடியவில்லை, "கதையாதீங்க!" என்று கத்தவும் முடியவில்லை. பாடத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கதிரையில் சாய்ந்துவிட்டேன். பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகத் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு, தமிழில் குசுகுசுவென்று ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருந்தார்கள். அன்று முதல் சட்டி நிறையப் புளியங்கொட்டை. என் கண்ணையே நம்ப முடியவில்லை. மேற்பார்வையாளருக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன்.

"சுபஹானல்லாஹ்! ஆனா ஒரு நாள் மட்டும் காணாது டீச்சர். திரும்பச் செய்ங்க. பிழையாப் போனாலும் எழுதுங்க" என்று குரல் பதிவு வந்தது.

திரும்பச் செய்தேன். சில நாள் பாட்டு, சில நாள் குசுகுசு. ஒருமுறை குசுகுசு நாளிலும் ஓடுகள் கூடிவிட்டன, அதையும் எழுதினேன். மற்றப்படி, பாடிய நாளில் ஓடு, கதைக்க விட்ட நாளில் கொட்டை. நான் நினைப்பது நடக்க வேண்டும் என்ற ஆசை எப்போது போனது என்று தெரியவில்லை. என்ன நடக்கிறது என்று பார்த்தால் போதும் என்றாகிவிட்டது. ஆய்வு என்பது இதுதான் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எழுதி முடிக்கும் தறுவாயில் ஒருநாள் சட்டிகளை வீட்டிலேயே மறந்துவிட்டேன். பழக்கதோஷத்தில் "விளங்கிச்சா?" என்று கேட்டேன். "ஓம் டீச்சர்!" அந்தச் சத்தம் அடங்கும்போது மெல்லிய குரல் ஒன்று கேட்டது. "எனக்கு விளங்கல்ல டீச்சர்."

பெரியகல்லாற்றில் இருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை. வாவியில் வலை வீசுகிறவரின் மகள், அதிகம் வாய் திறக்காதவள். எழுந்து நின்றாள். எனக்கு அந்தப் பிள்ளையைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. "எந்த இடம் புள்ள?" என்று மட்டும் கேட்டேன். அவள் காட்டிய இடத்தில் இருந்து தொடங்கினேன். இன்னும் சிலர் மெல்லக் கை தூக்கினார்கள்.

வாய்மொழிப் பரீட்சை நாள். மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர். ஒருவர் என் மேற்பார்வையாளர், அன்று அவர் முகத்திலும் சிரிப்பில்லை. நடுவில் இருந்த மூத்த பேராசிரியர் என் ஆய்வைத் தட்டினார். "உங்கட பாட்டு முறை தோத்துப் போச்செண்டு நீங்களே எழுதியிரிக்கிறீங்க" என்றார். "ஓம் சேர்" என்றேன். அது உண்மையான ஓம். அதன்பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். நீளமான கேள்வி. நான் கேள்விப்படாத கோட்பாடுகளின் பெயர்கள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. கடைசியில் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"விளங்கிச்சா டீச்சர்?"

ஓம் பல்லுக்குக் கிட்ட வந்துவிட்டது. இரண்டு வருடச் சனி ஞாயிறு, தங்கச்சியின் முகம், மகளின் கோபம் எல்லாம் முன்னால் வந்து நின்றன. மேசையின் கீழே இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இல்ல சேர். எனக்கு விளங்கல்ல."

மேற்பார்வையாளர் நிமிர்ந்து பார்த்தார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, அதே கேள்வியைச் சாதாரணத் தமிழில், முதலில் இருந்து, ஆறுதலாகக் கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது.