கேட்டுக்காரம்மாவின் கைகள்

தோல் நிறத்தில் ஒரு பெல்ட். இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும், முதுகுப் பக்கம் வரிசையாகக் கொக்கிகள். என் கடைசி மகள் அதைச் சிரம்பானில் ஏதோ பெரிய கடையில் வாங்கி வந்திருந்தாள். தோழி கல்யாணத்துக்குப் புடவை கட்டப் போகிறாளாம், உள்ளே இதைப் போட்டால் இடுப்பு சிறுத்துத் தெரியுமாம். கண்ணாடி முன்னால் நின்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, "மூச்சப் புடிச்சிட்டேன்மா, சீக்கிரம் மாட்டுங்க" என்றாள். நானும் மாட்டத்தான் போனேன். பாதிக் கொக்கி மாட்டியபோது பெல்ட்டின் ஓரத்தில் பிதுங்கிய சதையில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருப்பதைப் பார்த்தேன். அதற்கு மேல் என் கை ஓடவில்லை. அந்தக் கோடு என் விலாவிலும் ஒரு காலத்தில் இருந்தது.

நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் கோலா கிளாவாங் போகும் மலைப்பாதையை ஒட்டியது. என் சின்ன வயதுக் காலத்தைப் புத்தகங்களில் மலாயா அவசரகாலம் என்று எழுதுகிறார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதற்குக் கொம்னிஸ் காலம் என்று பெயர். காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்று சிதறிக் கிடந்த லயங்களை எல்லாம் ஒரே இடத்தில் கூட்டி வைத்து, சுற்றிலும் முள்ளுக்கம்பி அடித்தார்கள். உள்ளே போக வர ஒரே ஒரு கேட். இருட்டினால் அதுவும் பூட்டிவிடும். வயிறு வலித்தாலும் பிரசவ வலி கண்டாலும் விடியும்வரை உள்ளேதான். ஆடுமாடுகூடப் பகலில் பட்டிக்கு வெளியே மேயும், நாங்கள் வேலைக்குப் போகவும் சோதனை முடிந்தாக வேண்டும்.

அரிசியை ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோற்றைக்கூட வெளியே எடுத்துப்போகக் கூடாது, தேத்தண்ணியில் சீனி இருக்கக் கூடாது. வெறும் வயிற்றோடு மலை ஏறி, உச்சி வெயிலில் பாலைத் தூக்கிக்கொண்டு திரும்பினால்தான் சாப்பாடு. ஒருமுறை பக்கத்து வரிசை வீட்டுக்காரர் பால்வாளிக்கு இரட்டை அடித்தட்டு வைத்து அரிசி கடத்தியதாகப் பிடித்தார்கள். பயந்து செய்தாரா, பரிதாபப்பட்டுச் செய்தாரா, யாருக்குத் தெரியும். மத்தியானத்துக்குள் லாரி வந்தது. பெண்டாட்டி பிள்ளைகளையும் சட்டி பானையோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். கப்பலில் ஊருக்கு அனுப்பிவிட்டதாகச் சிலர் சொன்னார்கள், இல்லை, ஏதோ முகாமில் வைத்திருப்பதாகச் சிலர் சொன்னார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து லாரிச் சத்தம் கேட்டாலே அம்மா அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள்.

ஆண்களை வெட்டவெளியிலேயே மாத்தாக்கள் சோதிப்பார்கள். போலீஸ்காரர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பெண்களுக்குக் கேட்டை ஒட்டி அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட சின்ன அறை, கதவுக்குப் பதில் சாக்குத் திரை. உள்ளே நிற்பவள்தான் கேட்டுக்காரம்மா. அவளும் எங்கள் லயத்துக்காரிதான், அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள். புருஷன் இறந்த பிறகு இந்த வேலைக்கு அவளைப் போட்டார்கள். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவள் இல்லை. நெடுநெடுவென்று உயரம், எலும்பும் தோலுமான கை, சிரிக்காத முகம். அந்தக் கை மேலே பட்டுவிட்டதே என்று பெண்கள் அவள் காதுபடவே காறித் துப்புவார்கள். ஒரு பிடி அரிசி தவறிப் போனாலும் மாத்தாக்கள் அவள் கழுத்தைத்தான் பிடிப்பார்கள். அரிசியைப் பிடித்துக் கொடுத்தால் காட்டிலிருந்து வந்து பிடிப்பார்கள். அவளும் எங்களோடு அதே கம்பிக்குள்தான் இருந்தாள். தோள், கக்கம், விலா, இடுப்பு, தொடை என்று மேலிருந்து கீழே தடவி முடித்ததும் வெளியே இருக்கும் மாத்தாவுக்குக் கேட்கிற மாதிரி "கோசோங்" என்பாள். மலாயில் ஒன்றுமில்லை, காலி என்று அர்த்தம். அந்தச் சொல் விழுந்தால்தான் அடுத்த அடி வைக்கலாம்.

எனக்கு மட்டும் அந்தச் சொல் சீக்கிரம் விழாது. வயதுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, அம்மாவுக்கு ஒத்தாசையாக, மரத்தில் காய்ந்துபோன ஒட்டுப்பால் பொறுக்கப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு அப்பா வீட்டு வாகு, பருத்த உடம்பு. மற்ற பிள்ளைகள் சாப்பிட்டதைத்தான் நானும் சாப்பிட்டேன். ரேஷன் அரிசியில் லயமே வற்றிக் காய்ந்தபோது என் உடம்பு மட்டும் வற்றவில்லை, நான் என்ன செய்ய? கேட்டில் நிற்கும் ஒரு இளவட்ட மாத்தா என் வயிற்றைக் கையால் காட்டி, "இனி பெராஸ்கா?" என்று ஒருநாள் கேட்டான். இது அரிசியா என்றான். வரிசையே சிரித்தது. மறுநாளிலிருந்து எனக்குப் பெராஸ் என்றே பெயர். சின்னப் பையன்கள்கூட, "பெராஸ் வருது, வழி விடு" என்பார்கள். பெண்கள் இன்னும் மோசம். "அளந்து குடுக்குற அரிசியில இப்படி ஒடம்பா? வீட்டுல எங்கயோ பதுக்கி வெச்சிருக்காங்கலா" என்று பேசிக்கொள்வார்கள். வேடிக்கைப் பேச்சுதான். ஆனால் அந்தக் காலத்தில் அந்த வேடிக்கை மாத்தா காதில் ஏறினால் லாரிவரை போகும். என் இடுப்பைப் பார்த்து நாலு பேர் சிரித்தால், அப்பாவுக்கு வியர்க்கும்.

சோற்றைக் குறைத்துப் பார்த்தேன். தம்பி தட்டில் பாதியைத் தள்ளிவிட்டு, வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்துவிடுவேன். மலையில் தலைசுற்றி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம். பிறகு அப்பாவின் பழைய வேட்டியை நீளமாகக் கிழித்து, சாயங்காலங்களில் மார்பிலிருந்து இடுப்புவரை இறுக்கிச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் வளையவந்தேன். இறுக்கினால் உடம்பு அந்த அளவுக்கே நின்றுவிடும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். சொல்லித்தர யாரும் இல்லை, கேட்கவும் வெட்கம். வேர்வையில் தோல் வெந்து தடித்தது. எரியும்போதெல்லாம் இளைக்கிறேன் என்று சந்தோஷப்பட்டேன். பைத்தியக்காரி.

அதைக் கட்டிக்கொண்டு கேட்டுக்குப் போகும் துணிச்சல் அம்மாவால்தான் வந்தது. ஒருநாள் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கும்போது கங்காணி என்னைக் காட்டி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தாள். கங்காணி சிரித்தால் கூடச் சிரிக்க வேண்டும், அவள் பாவம் அதற்குப் பழகியவள். இப்போது புரிகிறது. அன்று புரியவில்லை. மறுநாள் விடிகாலையில் பல்லைக் கடித்துக்கொண்டு துணியைச் சுற்றினேன். சட்டை தொளதொளவென்று நின்றது. பார்க்கிறவர்களுக்கு இளைத்துத் தெரிவேன், சிரிக்க மாட்டார்கள் என்று அதை மட்டும்தான் நினைத்தேன். கண்ணுக்குப் பயந்த நான் கையை மறந்துபோனேன்.

சாக்குத் திரைக்குள் நுழைந்து கையைத் தூக்கியபோதுதான் அது உறைத்தது. கேட்டுக்காரம்மாவின் கை விலாவுக்கு வந்து அங்கேயே நின்றது. மடிப்பு மடிப்பாகத் துணி, இடுப்பில் முடிச்சு. அரிசி கடத்துகிறவர்கள் கட்டுவதும் அப்படித்தான்.

"என்னா புள்ள இது?" என்றாள். "யாரு கட்டி விட்டது? ஒங்கம்மாவா?"

நான் இடுப்பு முடிச்சைப் பிடித்துக்கொண்டேன். கோசோங் என்ற சொல் விழாததால் வெளியே பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. "அடா அப்பா?" என்று மாத்தா அதட்டினான். என்ன விஷயம் என்கிறான். யாரோ, "பெராஸ் மாட்டிக்கிச்சு" என்றார்கள். அந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. மாத்தா விசில் ஊதினான். அப்பாவை வரிசையிலிருந்து இழுத்து முட்டி போட வைப்பது திரையின் கிழிசல் வழியாகத் தெரிந்தது. அம்மா பெரிதாக அழ ஆரம்பித்தாள்.

முடிச்சை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். "கைய எடு. இல்லன்னா லாரியில வர்றவனுங்க அவுப்பானுங்க" என்றாள் அவள். எடுத்தேன். அவள் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். ஒரு மணிகூட விழவில்லை. துணியை உதறினாள், தடவினாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். பிறகு என் விலாவைப் பார்த்தாள். வரிவரியாக ரத்தம் கட்டி, சில இடங்களில் தோல் உரிந்திருந்தது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "மூச்சு விடு" என்றாள். விட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு காற்று அடிவயிறுவரை போனது. அப்போதுதான் அழுகை வந்தது.

துணி திரைக் கிழிசல் வழியாக மாத்தா கண்ணில் பட்டாயிற்று. எதற்குக் கட்டினேன் என்று சொல்லாவிட்டால், அரிசியை ஏற்கெனவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த வெறும் துணி என்பார்கள். சொன்னால் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் என் மானம் போகும். "நீ சொல்றியா, நான் சொல்லவா?" என்று கேட்டாள். நான் இரண்டுக்கும் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவள் துணியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"கோசோங்" என்று முதலில் மாத்தாவிடம் சொன்னாள். மலாயில் ஏதோ விளக்கினாள். அவன் நம்பாமல் துணியை வாங்கிப் பார்த்தான். அவள் எங்கள் ஆட்கள் பக்கம் திரும்பினாள். "பெராஸ் பெராஸ்னு கூப்பிட்டீங்கல்ல, பெரியவங்க சின்னவங்க எல்லாரும். அது ஒடம்ப ஒளிக்கத்தான் இதக் கட்டிட்டு வந்திருக்கு. அரிசி இல்ல, புண்ணுதான் இருக்கு. சந்தேகம்னா பொம்பளைங்க உள்ள வந்து பாருங்க" என்றாள். யாரும் வரவில்லை. அம்மா மட்டும் வந்தாள். என் சட்டைப் பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டாள். அப்பாவை விட்டுவிட்டார்கள். எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. வழக்கம்போல் மலைக்குப் போனோம், பால் காத்திருக்காது. கிளம்பும்போது கேட்டுக்காரம்மா துணியை மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள்மேல் வயிற்றெரிச்சல்தான் வந்தது. பெராஸ் என்று அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை, உண்மை. ஆனால் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தி, பார்வையை வேறு பக்கம் திருப்பினார்கள். கூப்பிட்டிருந்தால்கூடத் தேவலை. ஓடிப்போகலாம் என்றால் கேட் பூட்டியிருக்கிறது, ஒளியலாம் என்றால் லயத்து வீட்டில் ஒரே அறை. விடிந்தால் அதே திரை, அதே கை. கேட்டுக்காரம்மா எனக்குச் சலுகை காட்டவில்லை. தோளிலிருந்து தொடைவரை முன்பு எப்படித் தடவினாளோ அப்படியே தடவினாள். ஒன்றுதான் மாறியது. மாத்தாவுக்குக் கோசோங் என்று கத்துவதற்கு முன்னால் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஒடம்புதான். போ" என்பாள். முதலில் அதுவும் எரிச்சலாக இருந்தது. பிறகு எப்போது என்று தெரியாது, காலையில் கையைத் தூக்கும்போதே அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன்.

கம்பி எடுத்த பிறகு அவள் தோட்டத்தை விட்டுப் போய்விட்டாள். கேட்டில் நின்றவளோடு குழாயடியில் நிற்க யாருக்கும் பிடிக்கவில்லை. நான் கல்யாணமாகி, முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தபோது லுக்குட் கடைத்தெருவில் அவளைப் பார்த்தேன். மளிகைக் கடையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட கை பழக்க தோஷத்தில் என் விலாவில் இறங்கி இடுப்புக்கு வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து, அடக்க முடியாமல் சிரித்தோம். என் வயிற்றில் கையை வைத்து, "நல்லா சாப்புடு புள்ள" என்றாள். அவளை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

இப்போது முள்ளுக்கம்பி கிடையாது. உடம்பைத் தடவிப் பார்க்கவும் யாரும் இல்லை, கண்ணாலேயே சோதனையை முடித்துவிடுகிறார்கள். கல்யாண மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிக்கிறவளே, "என்னா, ரொம்ப சதை போட்டுட்டியேலா" என்பாள். நீலாயில் காலேஜ் விடுதியில் என் மகளுடைய தோழிகள் ஒருத்தி இடுப்பை ஒருத்தி அளந்து பார்ப்பார்களாம். வளர்கிற பிள்ளையின் உடம்பைப் பற்றி வேடிக்கை பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இந்த வயதிலும் வாயில் நல்ல வார்த்தை வராது.

"என்னாம்மா, மாட்டுங்க. மூச்சு முட்டுது" என்றாள் மகள்.

"மூச்சு விடு."

"விட்டா மாட்ட முடியாதும்மா."

மாட்டியிருந்த கொக்கிகளைக் கழற்றினேன். பெல்ட் சுருண்டு தரையில் விழுந்தது. அவள் கோபமாகத் திரும்பினாள். கீழே தோழிகளின் கார் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது, கதை சொல்ல நேரமில்லை. அவள் கைகளை மெல்லத் தூக்கிவிட்டு, கக்கத்திலிருந்து விலா, விலாவிலிருந்து இடுப்பு என்று தடவி இறக்கினேன். வெதுவெதுப்பான சதை மூச்சோடு ஏறி இறங்கியது. கூச்சத்தில் நெளிந்தாள். "என்னாம்மா பண்றீங்க?"

"ஒடம்புதான். போ" என்றேன்.

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பெல்ட் இல்லாமலேயே புடவையைக் கட்டினாள். அழகாகத்தான் இருந்தாள், சொன்னேன். ஆனால் கிளம்பும்போது, நான் பார்க்கவில்லை என்று நினைத்து, பெல்ட்டைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. கார் போன பிறகு வாசலில் நின்றபடி, கேட்டுக்காரம்மா மடித்துக் கொடுத்த அந்தத் துணியை நான் எப்போது தூக்கிப் போட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். போட்டதாக நினைவே இல்லை.