மூட்டைக்குள் ஒரு சுருட்டு

போன வாரம் என் மகள் முகாமுக்குப் போக மூட்டை கட்டினாள். ஈப்போவில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி வீட்டின் முன்னறை முழுக்கச் சாமான்கள். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் மழைச்சட்டை, தலையில் மாட்டும் விளக்கு என்று எல்லாம் கைப்பேசியில் பார்த்து வரவழைத்தவை. "அம்மா, நீங்க கேம்ப் போயிருக்கீங்களா?" என்று கேட்டாள். போயிருக்கிறேன் என்றேன். அதற்கு மேல் சொல்ல வரவில்லை. எனக்கு வாயால் சொல்வது எப்போதுமே கஷ்டம். எழுதினால் கொஞ்சம் வரும்.

அப்போது நாங்கள் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை முடித்துவிட்டு டவுனில் இடைநிலைப்பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மலாய் காதில் விழுந்தால் புரியும். என் வாயிலிருந்து வெளியே வராது. சாரணியர் படையில் சேர்ந்ததற்கும் அதுதான் காரணம். அங்கே வரிசையில் ஒழுங்காக நின்றால் போதும், பேச வேண்டியதில்லை. அந்த ஆண்டு தாப்பாவுக்கு மேலே ஒரு காட்டு ஆற்றோரம் முகாம் என்று அறிவித்தார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றுக்கு ஆசைப்பட்டு வீட்டில் வாயைத் திறந்தேன்.

"காட்டுக்கு வேலைக்குப் போவாங்க. படுத்துத் தூங்குறதுக்கா போவாங்க?" என்றார் அம்மா. அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்காகப் பேசியது மாமாதான். அம்மாவின் தம்பி. டவுனில் ஒரு லோரி பட்டறையில் வேலை செய்துகொண்டு எங்கள் வீட்டிலேயே இருந்தார்.

"பிள்ள நாலு எடத்தப் பாக்கட்டும்கா. நீதான் இந்தத் தோட்டத்தத் தாண்டல."

"ஆமா, நீ லண்டனப் பாத்துட்டு வந்துட்ட. போடா."

"ஈப்போ பாத்திருக்கேன் லா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் மறுப்பது கொஞ்சம் சிரமம். ஒப்புக்கொண்டார், ஆனால் விரலை நீட்டிச் சொல்லிவிட்டார். "இந்த ஒரு தடவதான். ஏதாச்சும் பேச்சு வந்துச்சு, அப்புறம் கேம்பும் இல்ல, டவுன் ஸ்கூலும் இல்ல." அம்மா சொன்னால் செய்கிறவர்.

பள்ளியில் முதுகுப்பை வேண்டும் என்றார்கள். மாமா ஒரு கோதுமை மாவுச் சாக்கைத் துவைத்து, லோரி டயரின் உள்டியூபை வார் வாராக அறுத்து, தோளில் மாட்டுவதற்குத் தைத்துக் கொடுத்தார். ரப்பர் வாசம் வீசியது. தோட்டத்துப் பிள்ளைக்கு அது ஒரு வாசமே இல்லை. காட்டில் அட்டை கடித்தால் போடப் புகையிலைத் தூளும் உப்பும் கலந்து ஒரு பொட்டலம், தரையில் விரிக்கப் பிளாஸ்டிக் தாள், கயிறு, டார்ச்லைட் என்று அவர் ஒவ்வொன்றாக உள்ளே வைப்பார். அம்மா வந்து அதையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு நெத்திலி சம்பல் ஒரு டின், ஊறுகாய், தலையணை, இரண்டு போர்வை என்று திணிப்பார். மாமா மறுபடி வந்து தலையணையை உருவுவார்.

"புள்ளய கட்டிக் குடுத்தா அனுப்புற? கேம்புக்குதான்கா."

"தலகாணி இல்லாம எப்படிடா தூங்கும்?"

அந்தத் தலையணை உள்ளேயும் வெளியேயும் எத்தனை முறை போய்வந்ததோ, கடைசியில் மாமாதான் ஜெயித்தார்.

கிளம்பும் காலையில் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். கையில் ஒரு கைக்குட்டை முடிச்சு. உள்ளே ஒரு சுருட்டு, எலுமிச்சம்பழம், கற்பூரம், காகிதத்தில் கொஞ்சம் குங்குமம். எங்கள் தோட்டத்தில் மூங்கில் வெட்டவோ பன்றி வேட்டைக்கோ காட்டுக்குள் போகிறவர்கள், எல்லையில் ஒரு மரத்தடியில் முனியாண்டிக்குச் சுருட்டு பற்ற வைத்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார்கள். அது அவர் இடம். கேட்டுக்கொண்டு போக வேண்டும். "இத வைக்காம உள்ள கால வச்சிராத" என்று சொல்லி, முடிச்சை என் காலுறைக்குள் சுருட்டிச் சாக்கின் அடியில் செருகினார்.

மாமா என்னை மோட்டார் சைக்கிளில் பள்ளிக்குக் கொண்டுவந்து விட்டார். திடலில் பஸ் நின்றது. ஏறுவதற்கு முன்னால் மூட்டைகளைப் பிரித்துச் சோதிப்பார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. முகாமுக்குப் பொறுப்பான மலாய் டீச்சர் கண்டிப்பானவர். சிகரெட் யாரிடமாவது இருந்தால் அங்கிருந்தே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று முதலிலேயே அறிவித்தார். அதைக் கேட்டு மற்ற பெண்கள் சிரித்தார்கள். நான் என் சாக்கை வரிசையின் கடைசிக்கு நகர்த்தினேன்.

காலுறை உருண்டையாக இருந்ததைப் பார்த்து அவரே உதறினார். முடிச்சு தளர்ந்து சுருட்டு புல்லில் விழுந்தது.

யாருடையது என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முனியாண்டியை மலாயில் எப்படிச் சொல்வது? தமிழில் கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்ல வந்திருக்காது. டீச்சர் என் சாக்கை எடுத்து ஓரமாக வைத்தார். வீட்டுக்கு அனுப்புவது மட்டுமல்ல, அம்மாவின் விரலும் எனக்குக் கண்முன் தெரிந்தது.

வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற மாமா உள்ளே வந்தார். பட்டறையில் கற்ற மலாயில், அது தன்னுடையது என்றார். மூட்டை கட்டும்போது குடித்துக்கொண்டிருந்தேன், மறதியாக உள்ளே போட்டுவிட்டேன், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்றார். மாமா பீடிகூடக் குடிக்காதவர். டீச்சர் அவரை விடவில்லை. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் இப்படியா, சாமான் கட்டிக் கொடுக்கும் அழகு இதுவா என்று எல்லாப் பெற்றோருக்கும் முன்னால் கேட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டு, தப்புதான் டீச்சர், தப்புதான் என்று சொல்லிக்கொண்டே சுருட்டையும் முடிச்சையும் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சாக்கு என் கைக்குத் திரும்பி வந்தது.

"ஏறும்மா, பஸ் போயிடும் லா."

"வைக்காம எப்படி மாமா உள்ள போறது?"

"நான் பாத்துக்கிறேன், போ."

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று பஸ்ஸில் யோசித்தேன். முனியாண்டிக்கு என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? பள்ளி முடியும்வரை அந்தப் பெண்களின் கேலியைச் சுமக்கப் போவது நானாக இருந்திருக்கும் என்பது பின்னால் விளங்கியது. அன்றைக்கு என் கவலையெல்லாம் முனியாண்டி மேல்தான். பஸ் ஈப்போவில் கூடாரங்களை ஏற்ற நின்றது. தாப்பாவில் சாப்பிட நின்றது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும், காடு இன்னும் வரவில்லை என்று நிம்மதி.

காடு வந்தது. ஆற்றின் மேல் ஒரு இரும்புப் பாலம், அதைத் தாண்டினால் மரங்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் பெரிய மரத்தின் வேரிடுக்கில் பாதி எரிந்த ஒரு சுருட்டு இருந்தது. பக்கத்தில் அறுத்துக் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். இங்கேயும் நம் ஆட்கள் இருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். யாரோ கேட்டுக்கொண்டு போன அனுமதியில் நானும் ஒட்டிக்கொள்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுப் பாலத்தில் கால் வைத்தேன். பயம் போன இடம் தெரியவில்லை.

முதல் நாளே மழை. கூடாரம் ஒழுகியது. மாமாவின் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் எங்கள் குழுவே ஒண்டிக்கொண்டது. அம்மாவின் நெத்திலி சம்பல் அன்றைக்கே தீர்ந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது, சாப்பிடு என்று பக்கத்துப் பெண்ணிடம் மலாயில் சொன்னேன். பள்ளியில் நானாக வாய் திறந்து சொன்ன முதல் வாக்கியம் அதுதான். அதன்பின் அந்தப் பெண் என் தோழியானாள், இன்றும் தோழிதான். தலையணை இல்லாமலும் நன்றாகவே தூங்கினேன்.

முகாம் முடிந்து மாமாவோடு வீட்டு வாசலில் இறங்கியதும் அம்மாவின் முதல் கேள்வி, "வச்சியா?" என்பதுதான்.

நான் காலணியைக் கழற்றக் குனிந்தேன். மாமா என் தோளிலிருந்து சாக்கை இறக்கியபடி, "வச்சாச்சுக்கா. இரும்புப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பெரிய மரத்தடியில. பழத்த அறுத்து, குங்குமம் தடவி, நல்லா வச்சாச்சு" என்றார்.

அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டார். அடுத்த முகாமுக்கும் நான் போகலாம் என்பது அந்தக் கும்பிடிலேயே தெரிந்துவிட்டது. டீச்சரிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று, எனக்காக மாமா இரண்டு பொய் சொல்லிவிட்டாரே என்று நன்றியோடு நினைத்துக்கொண்டேன். நான் சொல்லாத அந்தப் பாலமும் மரமும் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டில் ஒன்றுதான் பொய் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.