அம்மன் தாலி போன வழி

"படிச்ச பிள்ளை வாய் கிழியக் கதைக்கும். ஆமிக்காரன் முன்னால நிண்டா நாக்கு ஒட்டிப்போகும்" என்று எங்கள் கோயில் நகைகளுக்குப் பொறுப்பான வண்ணக்கர், நகைகளை ஆமியிடம் விடக்கூடாது என்று நான் சொன்னதும், என் முகத்துக்கு நேரே சொன்னார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்குச் சுருக்கென்றது.

எண்பதுகளின் தொடக்கம் அது. துறைமுகத்தைச் சுற்றிச் சந்திக்குச் சந்தி ராணுவத்தினர் சென்றி என்ற சோதனைக் காவலரண் போட்டிருந்தார்கள். பக்கத்து ஊர்க் கோயிலுக்குச் சோதனை என்று வந்தவர்கள், நகைப்பெட்டியைப் பாதுகாப்புக்கு என்று சொல்லி ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். பெட்டி திரும்பவில்லை. கேட்கப் போனவரும் அதைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை. அடுத்தது நாங்கள்தான் என்று ஊருக்கே தெரிந்தது. எங்கள் அம்மனின் பொன் முழுவதும் மீன் விற்ற காசில் திருவிழாவுக்குத் திருவிழா செய்து போட்டது.

பெண்கள் ஒரு வழி கண்டார்கள். ஆளுக்கொரு நகையைத் தங்கள் நகைபோல அணிந்து, பஸ்ஸில் தம்பலகாமம் போய், என் மாமா வீட்டு நெல்லுப் பெட்டகத்தில் ஒளித்துவிட்டு வருவது. அட்டியல் போனது, காப்புகள் போயின. தாலி மட்டும் மிஞ்சியது. தன் தாலிக்கு மேல் இன்னொரு தாலி போட யாரும் துணியவில்லை. விதவைகள் தொடவே மறுத்தார்கள்.

"நான் போடுறன்" என்றேன்.

"உனக்கென்ன விசரே?" அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "குமர்ப்பிள்ளை அம்மன்ர தாலியைப் போட்டா, பிறகு உனக்கெண்டு ஒரு தாலி வருமோடி?"

"வெறுங்கழுத்து என்னட்டத்தானே கிடக்கு."

தம்பலகாமத்துக்கு முன்னால் இருந்த சென்றியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் சேலைத் தலைப்பை விலக்கச் சொல்லித் தாலியைப் பார்த்தான். பறித்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் தொடவில்லை.

"புருசன் எங்க?" என்றான் உடைந்த தமிழில்.

தாலியோடு தனியே போகிற இளம்பெண்ணிடம் இதைத்தான் கேட்பார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் அங்கே நின்றதே இயக்கத்துக்குப் போய்க் காட்டில் ஒளிந்த இளம் ஆண்களைத் தேடித்தான்.

"தம்பலகாமத்தில வயல் செய்யிறார்."

"வயலா, காடா?" என்று சிரித்தான். எந்த வீடு என்று கேட்டான். பதற்றத்தில் மாமாவின் பெயரைச் சொல்லிவிட்டேன். என் அடையாள அட்டையைத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

"நாளைக்குக் காலையில புருசனைக் கூட்டி வா. வராட்டி நாங்க வீட்டுக்கு வாறது."

தாலியை நெல்லுக்குள் புதைக்கும்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அவர்கள் வந்தால் ஊரின் பொன் அத்தனையும் ஒரே பெட்டகத்தில் கிடக்கும். மாமா அதன்மேல் ஏறி உட்கார்ந்தவர் சாப்பிடக்கூட இறங்கவில்லை.

"நான் வாறன்" என்றான் மாமாவின் மகன். ட்ரக்டர் ஓட்டுகிறவன். "மச்சாள், ஒரு நாள் மாப்பிள்ளைக்குச் சீதனம் என்ன?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சென்றிக்குப் போன பெடியள் சிலர் வீடு திரும்பாத காலம். மாமி குசினிக்குள் போய் அடுப்பின் முன்னால் அழுதாள்.

விடிந்ததும் அவளே மஞ்சள் கயிறு ஒன்று கொண்டுவந்தாள். "தங்கம் எங்க எண்டு கேட்டா என்னடி சொல்லுவாய்?"

"பயத்தில கழட்டிட்டன் எண்டு சொல்லுறன் மாமி. அது பொய்யில்லையே."

அவள் கயிற்றைக் கட்டச் சொல்லி மச்சானிடம் நீட்டினாள். அவன் கை நீட்டுமுன் நான் வாங்கினேன். மூன்று முடிச்சையும் நானே போட்டுக்கொண்டேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வரும்போது, நான் வேலிப் படலையைத் தாண்டி அவனுக்கு முன்னால் சென்றிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். ஆமிக்காரனோடு கதைக்கப்போவது நான்தான்.