மிஞ்சின மண்ணும் திறக்காத கதவும்

ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் மண்ணைப் பிசைந்து, கண்ணாடித் தட்டின் மேல் திரி திரியாக உருட்டுவதுதான் என் வேலை. ஒரகடம் பக்கம் புதுசாகக் கம்பெனி கட்ட வருகிறவர்கள் முதலில் நிலத்தில் துளை போட்டு மண்ணெடுத்து எங்கள் லேபுக்கு அனுப்புவார்கள். அது மணலா, வண்டலா, களியா, தண்ணீர் பட்டால் உப்பிப் பெருகுமா என்று நாங்கள் வகை பிரித்துச் சொன்ன பிறகுதான் கடைக்கால், அதாவது அஸ்திவாரம் பற்றியே பேச்சு. பென்சிலில் பாதி கனத்துக்கு உருட்டும்போது திரி உடைந்தால் ஒரு ரகம். உடையாமல் இன்னும் மெலிந்துகொண்டே போனால் அது பொல்லாத ரகம். பத்து வருஷமாக உருட்டுகிறேன். வீட்டில் வந்து முறுக்கு சுற்றச் சொன்னால் மட்டும் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

இப்படி ஒருத்தி இருக்கிற குடும்பத்தில் மனை வாங்கினால் முதலில் என்ன செய்ய வேண்டும்? ஒரு பிடி மண்ணை என் கையில் கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் படப்பைக்கு உள்ளே ஒரு லேஅவுட்டில் மனை பார்த்து, தன் அம்மா பேரில் பத்திரமும் முடித்து, ஸ்வீட் பாக்ஸோடு வந்து நின்றார்.

"உன்னாண்ட முன்னாடியே சொல்லியிருந்தா மண்ணு கிண்ணுன்னு ஆறு மாசம் இழுத்திருப்ப" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே பைக்கில் போய்ப் பார்த்தேன். சித்திரை வெயிலில் மனை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் ஸ்கேலை விட்டேன், முழுசாக உள்ளே போய்விட்டது. ஒரு துண்டு மண்ணைத் தண்ணீர் பாட்டிலால் நனைத்துப் பிசைந்து உள்ளங்கையில் உருட்டினேன். உடையாமல் இடியாப்பம் மாதிரி நீண்டது. அங்கேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"இது உப்புற களிங்க. மழைக்கு வீங்கும், வெயிலுக்குச் சுருங்கும். மேல கட்டற சுவர் சும்மா இருக்குமா? ஆழமா துளை போட்டு, அடியில குமிழ் மாதிரி அகலப்படுத்தி, அதுல கான்கிரீட் தூண் எறக்கணும்."

"மேஸ்திரி நாலடி கடக்கால் போதும்னுட்டாரு. நீ கம்பெனிக்குப் போடற கணக்க வூட்டுக்குப் போடாத" என்று அவர் ஓ.டி. பார்க்கக் கிளம்பிவிட்டார்.

எங்கள் வீட்டில் கடைசி வார்த்தை மாமியாருடையது. அவரிடம் போனேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: "நானு ஒம்போது வாடக வூடு மாறினவ. ஆணி அடிக்காத, தண்ணி நெறைய ஊத்தாதன்னு ஒம்போது பேராண்ட பேச்சு கேட்டுகினு இருந்தேன். இது பத்தாவது. இங்கதான் என் உசுரு போவணும். நீ அபசகுனமா பேசாத." இதைக் கேட்டதும் என் கோபம் அடங்கிப் பயம் வந்தது. அந்த வீடு வெடித்தால் அவர் தாங்க மாட்டார் என்று தோன்றியது.

அடுத்த வெள்ளிக்கிழமை வாஸ்துக்காரர் வந்தார். ஒரு முழத்துக்குக் குழி தோண்டச் சொன்னார். தோண்டிய மண்ணையே திரும்பக் குழியில் போட வேண்டும்; குறைந்தால் ஆகாத மனை, மிஞ்சினால் ராசியான மனை. போட்டார்கள். குழி நிறைந்து மேலே ஒரு கூடை மண் மிஞ்சிக் குவிந்தது. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இறுகிக் கிடக்கிற மண்ணைக் கிளறினால் உள்ளே காற்று புகுந்து எந்த ஊர் மண்ணும் மிஞ்சத்தான் செய்யும். இதைச் சொன்னால் புரியாது, செய்து காட்டுவோம் என்று நினைத்துக் குவியலின் மேல் ஏறி நாலு குதி குதித்தேன். மண் அமுங்கிக் குழியோடு சமமாகிவிட்டது. "பாருங்க, மிஞ்சினது எங்க?" என்றேன் மூச்சு வாங்க.

"அடிப்பாவி, லட்சுமிய மிதிக்கிறியே" என்றார் மாமியார். பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. காபி மட்டும் வந்தது, சர்க்கரை இல்லாமல்.

லேப் ரிப்போர்ட்டைக் காட்டினால் பேப்பர் என்று தூக்கிப் போடுவார்கள். அதனால் லேபிலிருந்து உயரமான இரண்டு கண்ணாடி அளவைக் குழாய்களைக் கைப்பையில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்தேன். மனையின் மண்ணைக் காயவைத்துச் சலித்து, இரண்டிலும் ஒரே அளவு போட்டேன். ஒன்றில் மண்ணெண்ணெய், இன்னொன்றில் தண்ணீர். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் எவ்வளவு உப்புகிறதோ அதுதான் அந்த மண்ணின் குணம். சனிக்கிழமை சாயங்காலம் சமையலறை மேடையில் வைத்து, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறு சாயங்காலம் எல்லாரையும் கூப்பிட்டேன். மண்ணெண்ணெயில் இருந்த மண் போட்டபடியே கிடந்தது. தண்ணீரில் இருந்தது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகியிருந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று இடுப்பில் கை வைத்து நின்றேன்.

மாமியார் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "மண்ணு வளருதுடா" என்றார் மகனிடம். "அன்னிக்கு மிஞ்சுச்சு, இன்னிக்கு வளருது. இந்த மாதிரி மனை யாருக்குக் கெடைக்கும்?" என் பக்கம் திரும்பி, பதினைந்து நாளைக்குப் பிறகு முதல் வார்த்தை பேசினார்: "நல்ல வேல செஞ்ச." குழாய் நேராக சாமி படத்துக்கு முன்னால் போனது. அதற்குக் குங்குமமும் வைத்தார். லேபில் ஒரு குழாய் குறைகிறதே என்று கேட்டார்கள். நான் என்னத்தைச் சொல்ல?

ஐப்பசியில் பூமி பூஜை. அந்த வாரம்தான் மழை பிடித்திருந்தது. ஐயர் வரத் தாமதமானதால் மாமியார் இரண்டு மனை தள்ளியிருந்த வீட்டுக்குப் பாத்ரூம் போனார். அதுவும் எங்கள் மேஸ்திரி நாலடியில் கட்டிய வீடுதான். அரை மணி நேரமாகியும் அவர் வரவில்லை. போய்ப் பார்த்தால், கதவு இறுகிப்போய் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்காரம்மா பதற்றமே இல்லாமல் சொன்னார்: "மழக்காலத்துல நாங்க அந்தக் கதவ சாத்தறதே இல்லம்மா. செவுரு ஏறிக்கும், கதவு நெல கோணிக்கும். உள்ள போறவங்க பாடிக்கினே இருப்பாங்க, ஆள் கீதுன்னு தெரியும்."

நான் ஜன்னலோரம் போய், "அத்த" என்றேன்.

உள்ளே தாழ்ப்பாளை ஆட்டும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளேயிருந்து மெல்லக் கேட்டார். "ஏம்மா, இதுவும் அந்தக் கண்ணாடில வளந்த மண்ணா?"

"ஆமா அத்த, அதேதான்."

"பூஜைய நிறுத்தச் சொல்லு" என்றார்.

மேஸ்திரி கடப்பாரை போட்டுக் கதவை நெம்பினார். வெளியே வந்ததும் மாமியார் அவரைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சம் கேவலமான சந்தோஷம்தான், மறைப்பானேன்.

பிறகு நான் சொன்னபடியே துளை போட்டு, அடியில் குமிழ் வைத்து, தூண் இறக்கிக் கட்டினோம். ஒவ்வொரு துளைக்கும் மாமியார் குடையோடு நின்று எட்டிப் பார்த்தார். பாத்ரூமுக்குப் பிளாஸ்டிக் கதவு போதும் என்று நான் சொன்னதை மட்டும் ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

குடி போன வருஷ ஐப்பசியில் அடைமழை. தினமும் காலையில் மாமியார் வீட்டிலுள்ள எல்லாக் கதவையும் ஒரு தடவை திறந்து மூடிப் பார்ப்பார். எதுவும் இறுகவில்லை என்றால்தான் பல் தேய்ப்பார். ஐந்தாம் நாள் நான் குளித்துவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினேன், கதவு வரவில்லை. இழுத்தேன், அசையவில்லை. கதவைத் தட்டினேன். வெளியே காலடிச் சத்தம் வந்து நின்றது.

"மண்ணா?" என்றார் மாமியார். வெளியிலிருந்து கதவை ஒரு தடவை தள்ளிப் பார்த்தார்.

எனக்கும் அதே பயம்தான். கதவு நிலையை மூலைக்கு மூலை முழம் போட்டுப் பார்த்தேன். கோணவில்லை. சுவரில் மயிரிழைகூட விரிசல் இல்லை. கதவின் அடிப்பலகைதான் தண்ணீர் குடித்து ஊதியிருந்தது.

"மண்ணு இல்ல அத்த. கதவுதான். பலக ஊறிப்போச்சு."

"நெஜமா?"

"உங்க மேல சத்தியமா."

அவர் கதவின் மேல் சாய்ந்து உட்காருவது தெரிந்தது. மூக்கை உறிஞ்சினார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் எழுந்து புடவையைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"கதவுதானே? அப்ப நீ அங்கியே இரு. நான் காபி குடிச்சிட்டு நெதானமா ஆசாரிய இட்டாரேன். அதுவரிக்கும் பாடிக்கினு இரு."