அறுந்தால்தான் தெரியும் பிழை

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டிலிருந்து, கொழும்பில் உள்ள ஒரு சிறிய கம்பனிக்கு வேலை செய்கிறேன். நெட்வொர்க்கில் தரவு எங்கே தடைப்படுகிறது என்று கண்காணிக்கும் கருவி ஒன்றை எழுதிக்கொண்டிருந்தோம். அதன் ஒரு பகுதி, கம்ப்யூட்டரின் இயங்குதளத்துக்கு மையமான கெர்னலுக்குள் பின்னணியில் தனியாக ஓடும் ஒரு திரெட். போன மழைக்காலத்தில் அந்தக் கருவியை ஓடவிட்டால் என் கம்ப்யூட்டர் திடீரென்று உறைந்து நின்றுவிடும்.

கொழும்பில் ஒருமுறைகூட அப்படி ஆகவில்லை. எங்கள் குழுத் தலைவி யாழ்ப்பாணத்துக்காரர். "உங்கட பக்கத்து இன்டர்நெட் லைன் பிரச்சினையாத்தான் இருக்கும். இந்தப் பிழைப் பதிவை மூடி விடுவம்," என்றார்.

லைன் மோசம் என்பது உண்மைதான். கூட்டங்களில் அதற்காக மன்னிப்புக் கேட்டே பழகியிருந்தேன். அன்றும் சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஏனோ, "ரெண்டு நாள் குடுங்க மேடம்," என்றேன்.

லைன் அறுபடும்போதுதான் கம்ப்யூட்டர் நிற்கிறதா என்று பார்க்க, ரவுட்டரை வேண்டுமென்றே அணைக்க வேண்டும். சிக்னல் முன்னறை ஜன்னலில்தான் கிடைக்கும். ரவுட்டர் அங்கே இருந்தது. என்னால் திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. பகல் சாப்பாட்டுக்குக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து வந்த அக்காவை ஜன்னலருகே நிறுத்தினேன்.

"அமத்தட்டுமா?"

"அமத்துக்கா. ம், இப்ப போடு."

ஆறேழு தடவை ஆனதும், "இன்னும் எத்தன வாட்டி? லேட்டானா மலையில வேல வாங்குற கண்டாக்கு சத்தம் போடுவாரு," என்றாள்.

"கம்ப்யூட்டர் நிக்கிற வரைக்கும்."

"நிக்கக் கூடாதுன்னுதான வேல பாக்குற?"

பதினோராவது முறை நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டுவிட்டு ஓடினாள்.

திரையில் உறைந்திருந்த வரிகளைப் போனில் படமெடுத்துக்கொண்டு, சாயங்காலம் வரை நிரலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். லைன் அறுந்ததும் எங்கள் கருவி திரெட்டை நிற்கச் சொல்கிறது. அது நின்று முடிவதற்குள், அது பயன்படுத்தும் நினைவகத்தையும் விடுவித்துவிடுகிறது. தன்னுடையது அல்லாத இடத்தில் திரெட் எழுதப்போய், எல்லாமே நின்றுவிடுகிறது. கொழும்பில் லைன் அறுவதே இல்லை.

முதலில் திரெட் முடியட்டும், பிறகு விடுவிக்கலாம் என்று வரிசையை மாற்றினேன். மறுநாள் அக்கா நாற்பது தடவை அணைத்துப் போட்டாள். நிற்கவில்லை.

அந்தப் பகுதியை எழுதியதே நான்தான். வெட்கமாக இருந்தாலும் அதையும் சேர்த்தே தலைவிக்கு எழுதினேன். உடனே போனில் அழைத்தார்.

"அந்தப் பகுதியைப் பாத்துச் சரியெண்டு சொன்னது நான்தானே," என்றார். "நல்ல வேளை, மூடேல்ல."