டிவி மேட்சுக்கு ஒரு ரெஃப்ரி

நீலசந்திராவில் எங்கள் சந்துப் பையன்கள் எந்தப் பந்தை உதைத்தாலும் விசில் அசோகன் அண்ணனுடையதுதான். பிழைப்புக்குப் பெயின்ட் அடிப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் ரெஃப்ரியாக நிற்பார். சொந்தத் தம்பிக்கே சிவப்பு அட்டை காட்டியவர். அதற்காக அவன் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்தவர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்க மாட்டார். அந்த வறட்டு ரோஷம் எனக்குப் பல தடவை எரிச்சலைக் கிளப்பியிருக்கிறது.

கேபிள் வந்த புதிதில் அவர் வீட்டிலும் கனெக்‌ஷன் இருந்தது. அப்போது மாதக் காசு பெரிதாகத் தெரியவில்லை. பிறகு விளையாட்டுச் சேனல்காரன் தனியாகக் கேட்கிறான் என்று கேபிள்காரர் ஏற்றினார். பெரிய மேட்ச் வரும்போதெல்லாம் மறுபடி ஏற்றினார். 2002 உலகக் கோப்பை ஃபுட்பால் நெருங்கியதும் அதற்கென்று வீட்டுக்கு வீடு வசூலுக்கு வந்துவிட்டார். மழைக்காலம், பெயின்ட் வேலை படுத்துக் கிடந்தது. அண்ணன் ஒயரைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

நாங்கள் எப்படியோ கட்டினோம். பார்க்க வரச்சொல்லி அவரைக் கூப்பிட்டேன்.

"ஊரான் காசுல மேட்ச் பாக்கறதா? வேணாம் ஜெயா."

ஆனால் மேட்ச் சத்தம் கேட்டால் எங்கள் சுவரோரம் வந்து பீடி பற்றவைப்பார். ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. குழாயடியில் அவர் மனைவி சந்திரம்மாவிடம் சொன்னேன்.

"சும்னே கூப்ட்டா வரமாட்டாரு. மேட்ச் நடத்தக் கூப்டு" என்றாள் அவள், தன் கன்னடம் கலந்த தமிழில்.

எங்கள் பக்கம் ரெஃப்ரியை வெறும் வாயால் அழைப்பதில்லை. தட்டில் வெற்றிலை, வாழைப்பழம், எலுமிச்சம்பழம் வைத்து வீட்டுக்கே போய் அழைக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் சோடா கொடுக்க வேண்டும். நானும் என் கணவர் பாலகுமாரும் தட்டோடு போனோம்.

"மேட்ச் இருக்குதுண்ணா. ரெஃப்ரி இல்ல" என்றார் இவர்.

"எங்க?"

"எங்க வீட்லதான்."

அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம். கடைசியில் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டார்.

கறுப்புச் சட்டையில் வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை, டிவி பக்கத்திலேயே நின்றார். ஒரு கோல் விழுந்தது. எங்கள் வீட்டில் கூடியிருந்த சந்தே எழுந்து குதித்தது. அண்ணன் விசில் ஊதிக் கையைத் தூக்கினார்.

"ஆஃப்சைடு."

"டிவில கோல் குடுத்துட்டாங்கண்ணா."

"அங்க குடுத்துக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் அதே கோலை மெதுவாகத் திருப்பிக் காட்டினார்கள். அண்ணன் குனிந்து திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. நிமிர்ந்து இன்னொரு தடவை ஊதி, நடுக்கோட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

"என் தப்பு. கோல்தான்."

அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. நாங்கள் ஒரு சாக்குக்காகத்தான் கூப்பிட்டிருந்தோம். அவர் நிஜமாகவே மேட்ச் நடத்திக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். அண்ணன் மட்டும் வாசற்படியில் நின்றார்.

"என்னண்ணா?" என்றேன்.

"ரெஃப்ரிக்கு சோடா எங்க, ஜெயா?"