அக்காவின் தட்டில் வாழைச் சீப்பு

எங்கள் வீட்டுக்குப் பழம் கயிற்றில் ஏறி வரும். ரங்கூனில், கியாக்டடாப் பகுதியின் பழைய கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. அதனால் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழ்நுனியில் கிளிப், மேல்நுனியில் சின்ன மணி. எங்களுடையது ஆறாவது மாடி. அம்மா பழவண்டியில் வாங்கிய பையைக் கிளிப்பில் மாட்டிவிட்டுக் கயிற்றை ஓர் இழுப்பு இழுப்பாள். மேலே மணி அடித்ததும், நான் பால்கனிக் கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தபடி பையை மேலே இழுப்பேன். எழுந்து நின்றால் எதிர்க் கட்டடத்துக்காரர்களுக்கு என் முகம் தெரிந்துவிடும்.

எனக்கு வயது முப்பத்தொன்று. பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கிற வயது. அந்தச் சட்டம் வந்த சில நாட்களில், லான்மடாவில் நான் வேலை பார்த்த கைப்பேசி ரிப்பேர் கடையின் முதலாளி, "நாளைலேர்ந்து வராதப்பா" என்றார். அன்றைக்குப் படியேறியவன்தான், இன்னும் இறங்கவில்லை. நான் தாய்லாந்தில் ஓட்டல் வேலையில் இருப்பதாக அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். போன மாதம் எனக்குச் சம்பளம்கூட உயர்த்திவிட்டாள். வீட்டில் பாய் தேய்க்கிறவனுக்கு இப்படியொரு யோகம். அம்மாவின் கொள்ளுத் தாத்தா இந்த ஊர்த் துறைமுகத்துக்கு மூட்டை தூக்க வந்தவர். அவர் வம்சத்தில் வந்த நான், ஒரு பப்பாளிப் பழத்தைத் தூக்கி வரக் கீழே இறங்க முடியாமல் கிடக்கிறேன்.

எதிர் வீட்டு வியட்நாம்காரிக்கு மட்டும் உண்மை தெரியும். ஒரு நாள் மின்சாரம் போன நேரத்தில் மெழுகுவத்தி கேட்டு வந்தவள், கதவு திறந்திருந்ததால் நேரே உள்ளே வந்துவிட்டாள். நான் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தன் உடைந்த பர்மியத்தில், "தாய்லாந்தில் சாப்பாடு எப்படி?" என்று கேட்டாள். அம்மா அழுதேவிட்டாள். நான் மாதக்கணக்கில் சிரிக்காத சிரிப்பெல்லாம் அன்றைக்குச் சிரித்தேன்.

அவளைப் பர்மிய வழக்கப்படி 'மமா' என்றுதான் கூப்பிடுவேன். தமிழில் எழுதுவதால் அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன். அவளுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. ஏதோ கம்பெனியில் கணக்குப் பார்க்க வந்து, கம்பெனி மூடிக்கொண்டு போன பிறகும் ஊர் திரும்பாமல், சூலே பகோடாவுக்குப் பக்கத்துத் தெருவில் சின்னதாகக் காப்பிக் கடை போட்டிருந்தாள். பிறந்தது மீகாங் ஆற்றங்கரையில், பழத்தோட்டத்துக்கு நடுவில். அதனால் அவளுக்குப் பழம் என்றால் பித்து. கொய்யாவைப் பழுக்கவே விடமாட்டாள். கல் மாதிரி இருக்கும்போதே அறுத்து, உப்பும் மிளகாயும் உலர்ந்த இறாலும் சேர்த்து இடித்த பொடியில் தோய்த்துத் தின்பாள். பம்ப்ளிமாஸை உரித்தால் சுளையின் மேல் மெல்லிய தோல்கூட ஒட்டியிருக்காது. டிராகன் பழம் அவளுக்குப் பிடிக்காது. "பார்க்கத்தான் லட்சணம்," என்பாள். இருந்தாலும் எனக்காக வாங்கி வருவாள், வெளிச்சம் இல்லாத வீட்டில் நிறமாவது இருக்கட்டும் என்று.

அவள் ஊரில் ஒரு பழம் உண்டாம். அறுத்தால் பால் வழியும். அதைக் கத்தியால் உடனே தொடக்கூடாது, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டி உருட்டி உள்ளே குழைய வைத்து, பிறகு ஓட்டை போட்டு உறிஞ்ச வேண்டும். ரங்கூனில் அது கிடைப்பதில்லை. எங்கள் சமையலறையில் நின்றுகொண்டு, வெறும் கையை உருட்டிக் காட்டுவாள். கண்ணை மூடி உறிஞ்சியும் காட்டுவாள். எனக்கு எரிச்சலாக வரும். வேண்டுமென்றால் விமானம் ஏறிப்போய்ச் சாப்பிட முடிகிறவளுக்கு எதற்கு இந்த ஏக்கம் என்று தோன்றும். எனக்கோ கீழே வண்டியில் இருக்கிற ரம்புத்தானே வெளிநாடு. மழைக்காலத்தில் டுரியான் வாசனை மட்டும் ஆறு மாடி ஏறிப் படுக்கைவரை வந்து நிற்கும். அந்த நாற்றத்தைக்கூடப் பொறாமையோடு முகர்ந்துகொண்டிருப்பேன்.

காப்பிக் கடை ஓடவில்லை. மின்சாரம் இருக்கிற நேரத்தை எண்ணி எண்ணிக் கடை நடத்த முடியாது. வியட்நாம் புத்தாண்டு முடிந்ததும் ஊருக்கே போய், தன் அம்மாவோடு சேர்ந்து சாய்கோனில் சாப்பாட்டுக் கடை போடப்போவதாக அக்கா சொன்னாள். சொல்லிவிட்டு என் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"ஆன்ட்டி, என்னோடு வாங்க. உங்கள் கறிக்கு அங்கே ஆள் வரும். தங்க அறை தருகிறேன். மாரியம்மன் கோயில்கூட இருக்கிறது."

அம்மாவுக்குப் போகத் தடையில்லை. பாஸ்போர்ட் இருக்கிறது. முட்டி தேய்ந்துபோய், படி ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்குகிறவள். அங்கே தரைத்தளத்தில் அறை. என் வயது ஆண்களைத்தான் வெளிநாட்டு வேலைக்கு விடுவதில்லை. அம்மா என் முகத்தைப் பார்க்காமல், "பாப்போம்" என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் சண்டை. பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் சண்டை போடுவது ஒரு தனிக் கலை, நாங்கள் இரண்டு பேரும் அதில் கைதேர்ந்திருந்தோம்.

"நீ போயித்தான் ஆவணும்மா."

"ஒனக்கு ஸே சந்தைக்கு யாருடா போவா? அரிசி, பருப்பு ஆரு வாங்கியாருவா?"

"பழவண்டிக்காரம்மாகிட்ட சொன்னா சந்தையில வாங்கி கயித்துல மாட்டிவிடும். நான் பொங்கித் தின்னுக்குவேன்."

"அந்தம்மாவுக்கு நீ தாய்லாந்துல இருக்க."

அப்படியும் நான் விடவில்லை. இரண்டு பேரில் ஒருவராவது இந்தக் கூண்டிலிருந்து வெளியே போக வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது. அம்மா எனக்காக மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் படியேறுவதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பது, பட்டாளத்தைவிட எனக்குப் பெரிய தண்டனை. ஒரு நாள் ஆத்திரத்தில் சொல்லிவிட்டேன்.

"நீ மாட்டேன்னு அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லிப் பாரு. மறுநிமிஷம் நானே கீழ எறங்கி, பட்டாளத்துக்குப் பேர் எடுக்குற வார்டு ஆபீஸ் வாசல்ல போயி நிப்பேன்."

அம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அக்கா கேட்டபோது "வர்றேன்" என்றாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

புத்தாண்டு வந்தது. அவர்கள் வழக்கப்படி முன்னோர் படத்துக்கு முன்னால் ஐந்து பழம் வைத்த தட்டு வைக்க வேண்டும். எந்தெந்தப் பழம் என்று அக்கா எங்கள் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள். முள் சீத்தா, தேங்காய், பப்பாளி, மாங்காய், கொத்தாக அத்திக்காய். நாங்கள் இரண்டு பேருமே கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு விரலை ஆட்டிச் சொன்னாள்.

"வாழைப்பழம் மட்டும் கூடாது. வடக்கே வைப்பார்கள். எங்கள் தெற்கத்திப் பேச்சில் அதன் பெயரே சறுக்கல் மாதிரி ஒலிக்கும், வைத்தால் வருஷம் முழுக்கச் சறுக்கல்தான். என் அம்மா மயங்கி விழுந்துவிடுவாள்."

எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. வாழைப்பழம் இல்லாமல் எங்கள் வீட்டில் பிள்ளையாருக்குக்கூட ஒன்றும் நடக்காது. பர்மாக்காரர்களும் தேங்காயைச் சுற்றி வாழைச் சீப்பு அடுக்காமல் எந்தப் படையலும் வைக்கமாட்டார்கள். இந்த ஊரில் வாழைப்பழத்துக்கு இடம் இல்லாத ஒரே சாமித்தட்டு அக்காவுடையதுதான்.

பழம் சேர்க்கிற வேலையை அம்மாவே இழுத்துப் போட்டுக்கொண்டாள். பப்பாளியும் தேங்காயும் தெருவிலேயே கிடைத்தன. மாங்காய் லான்மடாவில் கிடைத்தது. முள் சீத்தாவும் அத்திக்காயும் எங்கேயும் இல்லை. அம்மா அந்த முட்டியோடு ஆற்றைக் கடந்து, பஸ் பிடித்துத் த்வாண்டேக்குப் போய், பானை விற்கிற ஒரு தெரிந்த வீட்டுக் கொல்லையிலிருந்து இரண்டையும் பறித்து வந்தாள். பையை நான் கயிற்றில் இழுத்தபோது அத்திக்காய்க் கொத்தில் ஒரு காய்கூட உதிர்ந்திருக்கவில்லை. அவ்வளவு பத்திரமாகக் கொண்டுவந்திருந்தாள்.

அன்று மதியம் அக்கா கடைக்குக் கணக்கு முடிக்கப் போகும்போது, தட்டை அடுக்கி வைக்கச் சொல்லி அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்து, ஊரிலிருக்கும் தன் அம்மாவுக்குக் காட்டுவதற்காகக் கைப்பேசியில் வீடியோ அழைப்பை ஓடவிட்டபடியே கதவைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கிழவியின் சத்தம் நடையைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் கேட்டது. மொழி புரியவில்லை. புரியத் தேவையும் இல்லை.

எட்டிப் பார்த்தேன். பெரிய பச்சை வாழைச் சீப்பு ஒன்று கை விரித்த மாதிரி தட்டு நிறைய உட்கார்ந்திருந்தது. பப்பாளியும் மாங்காயும் அதன் மடியில் சாய்ந்திருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"ஆன்ட்டி, சொன்னேனே," என்றாள் அக்கா. அவள் முகம் வெளுத்திருந்தது.

"மறந்துட்டம்மா," என்று பர்மியத்தில் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள் என் அம்மா. "கை பழக்கம். வயசாயிருச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அக்கா போன பிறகு, கேட்காமல் சண்டை போடும் கலையையெல்லாம் மறந்து கத்தினேன். ஒரு சின்ன விஷயத்தை நினைவில் வைக்கத் தெரியாதா என்று கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து அக்கா வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். கடைக்குப் பணம் போடுவது அவள் அம்மாதானாம். புத்தாண்டுத் தட்டில் வாழைப்பழம் வைத்த கை தன் அடுப்பைத் தொடக்கூடாது என்று கிழவி ஒரே பிடிவாதமாம். ஒரு வருஷம் போகட்டும், பிறகு பார்க்கலாம். என் அம்மா அவளைத் தட்டிக்கொடுத்து, "பரவாயில்லம்மா, நீ நல்லா இரு" என்றாள். ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவள் அக்கா. அழுததும் அவள்தான்.

அவள் ஊருக்குப் போன அன்று, எதிர்க் கதவில் பூட்டு தொங்கியது. எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. அம்மா கொய்யாவை அறுத்து, அக்கா விட்டுப்போன மிளகாய்ப் பொடியோடு என் முன்னால் வைத்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். த்வாண்டேவரைக்கும் போய் அத்திக்காயை ஒன்றுகூட உதிராமல் கொண்டுவந்தவள். என் சட்டை அளவு, இறந்தவர்களின் திதி, எந்த நாளில் எந்தத் தெருவில் மின்சாரம் என்று ஒன்றையும் மறக்காதவள்.

"அம்மா, நீ மறக்கல இல்ல?"

அவள் கத்தியைக் கழுவி வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் மாட்டேன்னு சொன்னா நீ எறங்கிருவேன்னியே. அதான், அவங்க வாயால வேணாம்னு சொல்ல வச்சேன்."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, தட்டை எடுத்து எறியவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. இந்த வீட்டுக்குள் எனக்கென்று மிச்சம் இருந்தது 'இறங்கிவிடுவேன்' என்கிற அந்த ஒரு மிரட்டல்தான். ஒவ்வொரு நாளும் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துத்தான் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தேன். அதை நம்பி அவள் இவ்வளவையும் விட்டுக்கொடுத்த பிறகு, இனி அதையும் சொல்ல முடியாது.

"தின்னுடா," என்றாள் அம்மா. தின்றேன்.